செங்காந்தள் வளர்ப்பும் பெருக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்காந்தளை மாடித் தொட்டியில் வைக்க விரும்புவோரும் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிட எண்ணுவோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இரு தரப்பினருக்கும் கிழங்குதான் முதலீடு. கிழங்கைக் கையாளும் முறை தெரியாமல் போவதுதான் இழப்புக்குக் காரணம். ஆகவே விடைகளை இங்கே ஒன்றாகவே தந்திருக்கிறோம். வயலில் பயிரிடுவோருக்கு மட்டும் உரியவை பிற்பகுதியில் வருகின்றன.

செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ ஆகியவை வெவ்வேறு செடிகளா?

இல்லை. இவை யாவும் குளோரியோசா சூப்பர்பா என்ற ஒரே கொடியின் பெயர்கள். சங்கப் பாடல்களில் காந்தள் என்றும் செங்காந்தள் என்றும் வருவதைக் கொங்குப் பகுதி விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு. ஈழத்தில் இதன் பெயர் கார்த்திகைப்பூ. பழைய நூல்கள் இதனை லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருக்கும். இப்போது கோல்ச்சிகேசியே என்ற தனிக் குடும்பத்தில் வைக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவின் வெப்ப நாடுகள் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வரை இது இயற்கையாகவே வளர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே.

வயலில் பயிராகும் செடியை அரிய மூலிகை என்று சொல்வது ஏன்?

வயலில் நிறைய இருப்பதையும் காட்டில் குறைந்து வருவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வேலியோரப் புதர்களிலும் மலையடிவாரங்களிலும் தானாக முளைத்து வந்த கொடிகள், மருந்துச் சரக்குக்காகவும் நடவுக் கிழங்குக்காகவும் பல ஆண்டுகளாகத் தோண்டி எடுக்கப்பட்டதால், முன்பு எளிதில் கண்ணில் பட்ட பல இடங்களில் இன்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழங்கைத் தோண்டினால் கொடி அதோடு முடிந்தது. விதையிலிருந்து புதிய கொடி வளர்ந்து பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். இழப்பு விரைவாக நடக்க, ஈடு மெதுவாக வருகிறது. ஆகவே காட்டிலிருந்தோ புறம்போக்கு வேலியிலிருந்தோ கிழங்கு எடுத்து வந்து வளர்ப்பதை நாங்கள் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. காப்புக்காடுகளில் அது சட்டப்படியும் குற்றம். பயிரிடுவோரிடமும் நம்பகமான நாற்றங்கால்களிலும் கிழங்கு விலைக்குக் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

இந்தச் செடியை வீட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானதா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் இது கொடிய நஞ்சுள்ள செடி என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கிழங்கு, விதை, இலை, தண்டு, பூ என எல்லாப் பகுதிகளிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. சமைப்பதால் அந்த நஞ்சு நீங்கிவிடும் என்று நம்ப இடமில்லை. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி இதை அவித்துத் தின்றவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளின் மருத்துவப் பதிவுகளிலும் உள்ளன.

தின்ற சில மணி நேரத்தில் வாய் எரிச்சல், வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். முதல் நாள் அறிகுறிகள் தணிந்துவிட்டதாகத் தோன்றினாலும், அடுத்த சில நாள்களில் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறைவதும் சிறுநீரகம் முதலான உறுப்புகள் செயலிழப்பதும் நேரலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டுவது உண்டு. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இதற்கு இல்லை. ஆகவே எவராவது இதைத் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், செடியின் ஒரு பகுதியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சில உண்டு. கிழங்குகளை எந்தக் காரணத்துக்காகவும் சமையலறையிலோ உணவுக் கிழங்குகளுக்கு அருகிலோ வைக்கக் கூடாது; வைக்கும் பெட்டியின் மேல் நஞ்சு என்று எழுதி, பூட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். வெடித்த காய்க்குள் தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும் என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் காய் பிடிக்கவிடாமல் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுவது நல்லது. தவழும் வயதுக் குழந்தையோ எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால், சில ஆண்டுகள் கழித்து வளர்க்கத் தொடங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. ஆடு மாடுகளுக்கும் இது நஞ்சு. களைந்தெடுத்த கொடிகளைத் தீவனத்தோடு சேர்த்துவிடக் கூடாது. கிழங்கையும் விதையையும் கையாளும்போது கையுறை அணிவதும், வேலை முடியும்வரை கண்ணையோ வாயையோ தொடாமல் இருப்பதும், பிறகு சோப்பிட்டுக் கை கழுவுவதும் பழக்கமாகிவிட வேண்டும்.

கிழங்கு நடுவதா, விதை போடுவதா? எது சிறந்தது?

பூவைப் பார்க்க விரும்புபவருக்கும் விளைச்சல் வேண்டுபவருக்கும் கிழங்கு. நட்ட அதே பருவத்தில் பூக்கும். தாய்க்கொடியின் நிறமும் வளரும் தன்மையும் மாறாமல் வரும். விதையிலிருந்து வரும் கொடி பூக்கப் பெரும்பாலும் மூன்றாவது ஆண்டாகிவிடுகிறது. அயல் மகரந்தம் கலந்து உண்டான விதையானால் கன்றுகள் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. ஆனால் குறைந்த செலவில் நிறையக் கிழங்குகளை உருவாக்கவும், கிழங்கோடு வரும் அழுகல் நோயைத் தவிர்க்கவும் விதை உதவும். பொறுமை இருப்பவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குவது நல்லது. கிழங்கிலிருந்து வந்த கொடி பூத்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளில் விதைக்கன்றுகள் ஒரு மூலையில் வளர்ந்துவிடும்.

நல்ல கிழங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிழங்கு இரு கிளைகளாகப் பிரிந்து கவை போல வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை மட்டுமே உண்டு. உருளைக்கிழங்கில் ஒரு கண் போனால் இன்னொரு கண் முளைக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. நுனி ஒடிந்த கிளை எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வாங்கும்போது எடையைப் பார்ப்பதற்கு முன் நுனியைப் பாருங்கள். நுனி முழுமையாகவும், வெளிர் நிறமாகவும், அழுத்தினால் உறுதியாகவும் இருக்க வேண்டும். நுனி கறுத்துச் சுருங்கியிருந்தாலோ, கிழங்கு எங்காவது குழைந்து நீர் கசிந்தாலோ, வெண்பூசணம் படர்ந்திருந்தாலோ அதை ஒதுக்கிவிட வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை 50 முதல் 60 கிராமுக்குக் குறையாத கிழங்கு முதல் ஆண்டிலேயே நன்றாகப் பூக்கும். அதற்கும் சிறிய கிழங்குகள் கொடி விடும். பூக்குமா என்பது ஐயமே. சில விற்பனையாளர்கள் எடை கூடுதலாக இருக்கும் ஒடிந்த கிழங்குகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. அந்த விலைக்குறைவு நமக்கு இலாபமன்று.

எந்த மாதத்தில் நடுவது? தொட்டியில் நடும் முறை என்ன?

தமிழ்நாட்டில் ஆனி முதல் ஆவணி வரை, அதாவது ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை, நடவுக்கு உகந்த காலம். ஆனால் நாட்காட்டியைவிடக் கிழங்கின் நிலையே முக்கியமானது. உறங்கிக்கொண்டிருக்கும் கிழங்கை ஈர மண்ணில் புதைத்தால் அது முளைப்பதற்குள் அழுகிவிடக்கூடும். நுனி சற்றே பருத்து முளை அசையத் தொடங்கியதைக் கண்ட பிறகு நடுவது பாதுகாப்பானது.

தொட்டி குறைந்தது 30 செ.மீ. ஆழம் உள்ளதாகவும், அடியில் தாராளமான வடிதுளைகள் உடையதாகவும் இருக்க வேண்டும். செம்மண், பருமணல், நன்கு மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்துகொள்ளலாம். களிமண் அறவே கூடாது. நடுவதற்கு முன் கிழங்கை கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிக் கரைசலில் (1 லிட்டர் நீருக்கு 1 கிராம்) அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அழுகல் நோய் குறையும். இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைத் தொழு உரத்தோடு கலந்து இடலாம். கிழங்கைப் படுக்கை வாக்கில் வைத்து, அதன் மேல் சுமார் 6 செ.மீ. மண் இருக்குமாறு மூட வேண்டும். நுனி தொட்டியின் சுவரை முட்டிக்கொண்டு நிற்காதபடி சற்று இடம் விட்டு வையுங்கள். கொம்பு ஊன்றுவதாக இருந்தால் அதையும் அப்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் அது கிழங்கைக் குத்தும்.

நட்டு ஒரு மாதமாகியும் முளைக்கவில்லையே, தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். மண்ணுக்குள் நீண்டுகொண்டிருக்கும் குருத்து மிக எளிதில் ஒடியும். மண் நனைந்தே கிடக்காமல் இலேசான ஈரத்தோடு இருக்கட்டும். நல்ல கிழங்கானாலும் உறக்கம் கலையச் சில நேரங்களில் இரண்டு மாதங்கூட ஆகும்.

கொடி எதைப் பற்றி ஏறும்? கயிறு கட்டினால் போதுமா?

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, கிடைப்பதைச் சுற்றிக்கொள்கிறது. ஆகவே மெல்லியதாக இருப்பதைத்தான் அதனால் பற்ற முடியும். பருத்த மூங்கிலையோ தூணையோ வைத்துவிட்டுக் கொடி ஏறவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மெல்லிய கம்பி, நூல்கயிறு, வலை, காய்ந்த குச்சிகள் ஆகியவை ஏற்றவை. முதலில் கிளையில்லாத ஒற்றைத் தண்டாக எழும் கொடி, பிறகு கிளைத்துப் பந்தலை நிறைக்கும். பக்கத்தில் ஒரு புதரோ குறுஞ்செடியோ இருந்தால் அதன் மேலேயே படரவிடலாம். காட்டில் அது அப்படித்தான் வளர்கிறது, பார்ப்பதற்கும் அதுவே அழகு. வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் கிடைப்பதால் கொடிக்கும் அது ஒத்துப்போகும்.

நீரும் உரமும் எவ்வளவு தேவை?

முளைத்தது முதல் காய் முற்றும் வரை மண் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு நாள்கூட நீர் தேங்கக் கூடாது. அடைமழைக் காலத்தில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைப்பது நல்லது. கொடி மஞ்சளாகத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, பிறகு முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். தொட்டிச் செடிக்கு மாதம் ஒரு முறை இரு கைப்பிடி மண்புழு உரமும், மொட்டு வரும்போது சாம்பல்சத்து மிகுந்த உரம் சிறிதளவும் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலைதான் செழிக்கும்.

பூவின் நிறம் நாளுக்கு நாள் மாறுகிறதே, ஏதேனும் குறைபாடா?

இல்லை. இதழ்கள் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, இறுதியில் முழுச் சிவப்பாவது இதன் இயல்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் தெரியும்.

நிறையப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. ஏன்?

பூவின் அமைப்பே இதற்குக் காரணம். ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து நிற்க, ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பக்கவாட்டில் விரிகின்றன. சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாக வளைந்து பூவுக்கு வெளியே நீள்கிறது. மகரந்தப்பைக்கும் சூல்முடிக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருப்பதால் தன் மகரந்தம் தானே படுவது அரிது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து தொட்டுச் சென்றால்தான் காய்க்கும். நகரத்து மாடியில் அவற்றின் வரவு குறைவு; பரந்த வயலிலும் பூக்களின் எண்ணிக்கைக்கு ஈடாக அவை வருவதில்லை.

ஆகவே கையால்தான் சேர்க்க வேண்டும். காலை 8 மணி முதல் 11 மணி வரை, பனி உலர்ந்து மகரந்தப்பைகள் வெடித்துத் தூள் உதிரும் வேளையில், மென்மையான தூரிகையாலோ பஞ்சாலோ மகரந்தத்தைத் தொட்டெடுத்து, வேறொரு கொடியின் புதிதாக மலர்ந்த பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரே கொடியின் பூக்களுக்குள் செய்வதைவிட வேறு கிழங்கிலிருந்து வந்த கொடியின் மகரந்தத்தைப் பயன்படுத்தினால் காய்ப்பு கூடும். அதனால்தான் விதை வேண்டுபவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கிழங்குகளை, அதுவும் வெவ்வேறு இடத்திலிருந்து வாங்கியவற்றை, நடுவது நல்லது. வயலில் பூக்கும் காலம் முழுவதும் நாள்தோறும் காலையில் ஆட்கள் இறங்கி இந்த வேலையைச் செய்கிறார்கள். இந்தப் பயிரில் கூலிச் செலவு பெரும்பாலும் இங்கேதான் போகிறது, விளைச்சலின் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் இந்த வேலையின் நேர்த்தியைப் பொறுத்ததே. மழை நாளில் மகரந்தம் நனைந்து வீணாகும். அந்த நாள்களின் பூக்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டியதுதான்.

விதையிலிருந்து கன்று எடுப்பது எப்படி?

முற்றி வெடித்த காயிலிருந்து எடுத்த விதையின் மேல் செந்நிறத் தசைப்பகுதி ஒட்டியிருக்கும். அதைக் கையுறை அணிந்து தேய்த்துக் கழுவி நீக்கிவிட்டு, விதையை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் சுமார் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். விதையுறை கடினமானது; உள்ளே உறக்கமும் உண்டு. எனவே ஒரே நாளில் விதைத்தவற்றுள் சில ஒரு மாதத்தில் முளைக்கும், சில மூன்று மாதம் கழித்தும் முளைக்கும். தட்டைக் கொட்டிவிடாமல் அரை நிழலில், ஈரம் குறையாமல் வைத்திருப்பதே செய்ய வேண்டியது.

முதல் ஆண்டில் மெல்லிய புல் போன்ற தண்டும் சில இலைகளும்தான் தெரியும். இலை நுனிகளில் சுருளும் இருக்காது. சில மாதங்களில் அதுவும் காய்ந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் கன்று செத்துவிட்டது என்று எண்ணி மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். மண்ணுக்குள் சிறிய வெண்கிழங்கு ஒன்று உருவாகியிருக்கும். அதை எடுக்காமல், தொட்டியோடு உலர்ந்த இடத்தில் வைத்து, அடுத்த பருவத்தில் மீண்டும் நீர் ஊற்ற வேண்டும். ஆண்டுதோறும் கிழங்கு பருத்து, பூக்கும் அளவை எட்டும்போது முதல் மொட்டு வரும்.

கொடி முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

தை, மாசி மாதங்களில் அப்படி நேர்ந்தால் கவலை வேண்டாம். தரைக்கு மேலுள்ள பகுதி ஒவ்வோர் ஆண்டும் மடிந்து, கிழங்கு கோடை முழுவதும் உறங்குகிறது. காய்ந்த தண்டை இழுத்துப் பிடுங்கக் கூடாது. தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் அடியில் புதிய கிழங்கின் கழுத்து பிய்ந்து வந்துவிடும். கிழங்கை மண்ணிலேயே விடலாம், மழையும் நீரும் அங்கே விழாது என்றால். இல்லையெனில் எடுத்து, மண்ணை உதறி, கழுவாமல் நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உலர்ந்த மணலில் அடுக்கிக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகிவிடும்.

ஐப்பசியிலேயே, மொட்டு வரும் நேரத்தில் கொடி மஞ்சளானால் அது வேறு. அழுகல் நோயாக இருக்கலாம்.

கிழங்குகளைப் பிரித்துப் பெருக்குவது எப்படி?

நட்ட கிழங்கு அந்தப் பருவத்திலேயே தன் சத்தை எல்லாம் கொடியேற்றிவிட்டுச் சுருங்கிப்போகும். தண்டின் அடியில் புதிய கவைக்கிழங்கு உருவாகி அதன் இடத்தைப் பிடிக்கும். ஒரு கிழங்கு ஓராண்டில் பத்துக் கிழங்காகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கவையின் இரு கிளைகளையும் பிரித்தால் இரண்டு செடிகள், பெருக்கம் அவ்வளவுதான். பல தண்டுகள் விட்ட வலுவான கொடியில் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

தோண்டுவதற்கு மண்வெட்டியைத் தவிர்த்து, கொடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மண்ணைக் கையாலோ சிறு குச்சியாலோ பறித்து உள்ளே வர வேண்டும். கிழங்கின் கிளைகள் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் நீண்டிருக்கும், நுனிகள்தான் வெளிப்புறத்தில் இருக்கும் என்பதால் அருகில் குத்தினால் முதலில் ஒடிவது முளையே. எடுத்த பின் இரு கிளைகளும் சேரும் முட்டியில் சுத்தமான கத்தியால் வெட்டிப் பிரித்து, வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூளோ அடுப்புச் சாம்பலோ தடவி, ஒரு வாரம் நிழலில் ஆறவிட வேண்டும். கிளையைக் குறுக்கே பல துண்டுகளாக வெட்டி நடுவதால் பயனில்லை. நுனியுள்ள துண்டு மட்டுமே முளைக்கும். எடை குறைந்த சிறு கிழங்குகளை ஒதுக்கிவிடாமல் தனிப் பாத்தியில் ஓராண்டு வளர்த்தால் அடுத்த பருவத்தில் நடவுக்கு ஆகும்.

கிழங்கின் முளையிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உருவாக்குவதும் ஆய்வகங்களில் நடந்திருக்கிறது. அது வீட்டிலோ தோட்டத்திலோ செய்யத்தக்கதன்று.

எந்தப் பூச்சிகளும் நோய்களும் தாக்கும்?

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமான புள்ளிகள் கொண்ட புழு ஒன்று கூட்டமாக வந்து சில நாள்களில் கொடியை மொட்டையடித்துவிடும். லில்லிப்புழு என்ற இது செங்காந்தளின் நஞ்சுக்கு அஞ்சாமல் தின்று வளர்வது. சில தொட்டிகளே உள்ளவர்கள் காலையில் பொறுக்கி அழிப்பதே போதும். வேப்பெண்ணெய்க் கரைசல் இளம்புழுக்களைக் கட்டுப்படுத்தும். மழைக்காலத்தில் இலைக்கருகல் வரும். இலைகளில் பழுப்புப் புள்ளி கண்டதும் அவற்றைக் கிள்ளி அகற்றிவிட்டு மான்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியைத் தெளிக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது கிழங்கழுகல். அது வந்தபின் மருந்து ஊற்றிக் காப்பாற்றுவது கடினம். வடிகாலும், நோயற்ற கிழங்கும், ஒரே மண்ணில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பயிரிடாமையும்தான் தடுப்பு.

வயலில் பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை யாவை?

திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் வட்டாரம், திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் பகுதி, அரியலூர் மாவட்டத்தின் செயங்கொண்டம், நாகப்பட்டினம் மாவட்டத்தின் வேதாரண்யம் ஆகியவை இப்பயிருக்குப் பெயர் பெற்றவை. வடிகாலுள்ள செம்மண்ணும் மணற்பாங்கான நிலமும், மண்ணின் கார அமில அளவு 6 முதல் 7 வரையும் உகந்தவை.

எக்டேருக்கு ஏறத்தாழ 2000 கிலோ கிழங்கு, அதாவது ஏக்கருக்கு 800 கிலோ, தேவைப்படும். முதல் ஆண்டுச் செலவில் பெரும் பங்கு இதுவே. ஓரடி ஆழ வாய்க்கால் பறித்து, தொழு உரமிட்டு, ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நடுகிறார்கள். எக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 75 கிலோ என்பது பரிந்துரை. தழைச்சத்தை மட்டும் பிரித்து இட வேண்டும். பந்தலுக்கு இரும்புக் கம்பி நீடித்து உழைக்கும். முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு அதில் ஏற்றுவதும், விராலிக் குச்சிகளைப் பயன்படுத்துவதும் பழைய வழக்கங்கள்; முதலீடு குறைவு. களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், களைக்கொத்து குருத்துகளை ஒடித்துவிடும். ஒருமுறை நட்டால் நான்கைந்து ஆண்டுகள் பலன் எடுக்கலாம் என்றாலும் ஆண்டுதோறும் கிழங்கழுகலால் இடைவெளி விழும். அதை நிரப்பக் கிழங்கு கையிருப்பில் வேண்டும்.

எப்போது அறுவடை செய்வது?

நட்ட 160 முதல் 180 நாளில் காய்கள் முற்றும். காயின் வெளிர்பச்சை மாறி, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். வெடிக்கும்வரை விட்டால் விதை சிதறும். பறித்த காய்களை ஒரு வாரம் முதல் பத்து நாள் நிழலில் பரப்பி, தாமாக வாய் திறந்ததும் விதையைக் கையால் பிரித்து, விதையையும் தோலையும் தனித்தனியே மேலும் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். இரண்டுக்கும் விலை உண்டு. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்து நிறம் மங்கிவிடும்.

விலையைப் பற்றி ஒரு சொல். வாங்குவோர் மிகச் சிலர்; சரக்கு பெரும்பாலும் மருந்துத் தொழிலுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது; விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குகிறது. ஒரு நல்ல ஆண்டின் விலையைக் கேட்டுவிட்டுக் கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. கால் ஏக்கரில் தொடங்கி, சொந்தக் கிழங்கைப் பெருக்கிக்கொண்டு விரிவுபடுத்துவதே அறிவுடைமை.

இது எந்த மருந்துக்குப் பயன்படுகிறது? வீட்டில் மருந்தாகப் பயன்படுத்தலாமா?

கடைசிக் கேள்விக்கு விடை: கூடாது. உள்ளுக்கும் கூடாது, அரைத்துப் பூசுவதற்கும் கூடாது. சித்தமும் ஆயுர்வேதமும் இதைச் சுத்தி செய்த பிறகே, தேர்ந்த மருத்துவர் கையில் மட்டுமே கையாளச் சொல்கின்றன. ஆயுர்வேதம் இதனை உபவிடங்களுள், அதாவது இரண்டாம் நிலை நஞ்சுகளுள், ஒன்றாக வைத்திருக்கிறது. மகப்பேற்றை எளிதாக்கும், பாம்புக்கடிக்கு ஆகும் என்றெல்லாம் சொல்லப்படுவதை நம்பிச் செயல்படுவது உயிருக்கே கேடு.

தொழிற்சாலையில் பிரித்தெடுக்கப்படும் கோல்ச்சிசின், யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் கவுட் நோய்க்கு அளந்து கொடுக்கப்படும் மருந்து. தசை இறுக்கத்துக்குத் தரப்படும் தயோகோல்ச்சிகோசைடும் இதன் விதையிலுள்ள பொருளிலிருந்து செய்யப்படுகிறது. பயிர்ப் பெருக்க ஆய்விலும் இதற்கு இடமுண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு புறமும் விலகுவதைக் கோல்ச்சிசின் தடுத்துவிடுவதால், அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கும். 1937 முதல் இந்த முறை செடிகளில் கையாளப்படுகிறது. விதையில்லாத் தர்பூசணியின் பின்னணியில் இருப்பதும் இதுவே.

அழகுக்கென்று தனி வகைகள் உண்டா? பூவைப் பறித்து அலங்கரிக்கலாமா?

உண்டு. செந்நிற இதழும் மஞ்சள் விளிம்பும் கொண்ட ரோத்சைல்டியானா, முழு மஞ்சளான லூட்டியா ஆகியவை உலகெங்கும் தோட்டக்காரர்களிடம் பரவியவை. ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் இது கண்ணாடிக்குடில்களில் கொய்மலராக வளர்க்கப்படுகிறது. பறித்த பூ குவளையில் ஏறக்குறைய ஒரு வாரம் வாடாமல் நிற்கும். மகரந்தம் துணியில் பட்டால் கறை போகாது என்பதால் மகரந்தப்பைகளைக் கிள்ளிவிட்டு வைப்பது நல்லது. உணவு மேசையின் மேல் வைக்க வேண்டாம்.

குளிர்நாட்டில் வாழ்பவர்கள் வளர்க்க முடியுமா?

முடியும். பங்குனி வாக்கில் வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் தொட்டியில் நட்டு, பனி முற்றிலும் நீங்கியபின் வெயிலில் வைத்தால் அங்கே கோடையில் பூக்கும். இலையுதிர்காலத்தில் நீரை நிறுத்தி, கிழங்கை உலர்ந்த மணலில் வைத்து, குளிர் உறைநிலையை நெருங்காத அறையில் காக்க வேண்டும். ஊரிலிருந்து கிழங்கைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துச் செல்வதைப் பெரும்பாலான நாடுகள் தடுத்துள்ளன. நெதர்லாந்தில் வணிக முறையில் வளர்க்கப்பட்ட கிழங்குகள் அந்நாடுகளின் தோட்டக் கடைகளிலேயே இளவேனிலில் விற்பனைக்கு வருகின்றன; அவற்றை வாங்குவதே எளிது.

ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களின் நிலை வேறு. அங்கே குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடலோர மணல்மேடுகளில் இக்கொடி தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவி, உள்நாட்டுச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. ஆகவே நடுவதற்கு முன் தங்கள் பகுதியின் விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். தடை இல்லாத இடத்திலும் காய்களை முற்றவிடாமல் கிள்ளிவிட வேண்டும்.